படகுக் காலுக்குக் கரும்பு முட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் லோடு வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி, இருபது அடிப் படகு ஒன்றை டிரெய்லரோடு ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குள் இழுத்து வந்து நிறுத்தினேன். வாழைத்தார் ஏற்றியிருக்கிறேன், பொங்கலுக்குக் கரும்பு ஏற்றியிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பாத்திரம் பண்டம், ஒரு தடவை ஊர்க் கோயிலுக்குக் கல்தூண்கூட ஏற்றியிருக்கிறேன். படகை இழுத்தது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கொள்ளிடத்துல தண்ணி வரப்போகுதுன்னு உனக்கு மட்டும் தகவல் வந்துச்சா?" என்று கேட்டார்.

படகு என்னுடையது இல்லை. அதற்கு உயிர் கொடுத்தவர் ஒரு பாய். எனக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும். பாலக்கரையில் மெக்கானிக்காக இருந்தவர். என் பழைய வண்டியின் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். அப்புறம் துபாய் பக்கம் போய்ப் பன்னிரண்டு வருடம் படகுப் பட்டறையில் வேலை பார்த்தார். அவருடைய மகள் பிறந்ததும் அவர் அங்கே இருக்கும்போதுதான், நடை பழகியதும் அவர் அங்கே இருக்கும்போதுதான். லீவில் வந்து அவர் வாசலில் நின்றபோது அந்தப் பிள்ளை உள்ளே ஓடிப்போய் அம்மாவின் செல்போனைத் தூக்கி வந்து, "அத்தா இதுக்குள்ளதானே இருக்காங்க?" என்று கேட்டதாம். அதோடு போதும் என்று திரும்பி வந்துவிட்டார். துவாக்குடியில் ஒரு ஷெட்டு எடுத்துப் படகு இன்ஜின் வேலை என்று போர்டு மாட்டினார். திருச்சியில் யார் படகு வைத்திருக்கிறார்கள்? ஒரு வருடம் ஈ ஓட்டினார்.

அப்போதுதான் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆறு கடலில் சேருகிற இடத்தில் சுற்றுலாப் படகு விடுகிறவர். பழைய படகு ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "இது செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க எழுப்பிக் குடுங்க. இது எப்படி வந்து சேருது, எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு மிச்ச நாலு படகையும் உங்ககிட்டயே தரேன்" என்றார். பாய் ஐந்து மாதம் அதிலேயே கிடந்தார். இதற்கிடையில் அவருடைய மச்சான் துபாயிலிருந்து விசா அனுப்பிவிட்டார். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமைக்கு.

"திங்கக்கெழம இந்தப் படகு ஒழுங்காப் போய்ச் சேர்ந்து ஓடிருச்சுன்னா நான் இங்க இருப்பேன் அண்ணே. இல்லேன்னா வெள்ளிக்கெழம ஃப்ளைட்டு. அவ்வளவுதான்" என்றார் பாய். எங்கள் வீட்டு வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். டீ ஆறியதுதான் மிச்சம், குடிக்கவில்லை.

அந்தப் படகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்ஜின் படகுக்கு உள்ளே, பின்பக்கம் இருக்கும். அதிலிருந்து வெளியே ஒரு கால் தொங்கும். பாய் அதைக் கால் என்றுதான் சொல்வார், நானும் அப்படியே சொல்கிறேன். காலின் நுனியில் விசிறி. அதுதான் தண்ணீரைத் தள்ளுகிறது, அதைத் திருப்பினால்தான் படகு திரும்புகிறது. ஐம்பது கிலோவுக்குக் குறையாது. தண்ணீரில் காலை இறக்கிவிட வேண்டும். ரோட்டில் இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீடு பிரேக்கரில் இடித்து முறிந்துவிடும். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பிஸ்டன். பட்டனை அமுக்கினால் எண்ணெய் உந்தி, பளபளவென்று இரண்டு தண்டுகள் வெளியே நீண்டு காலைத் தூக்கிப் பிடிக்கும்.

"தூக்குனதோட விட்டுட்டா அது எண்ணெயில தொங்குது அண்ணே" என்று ஷெட்டில் வைத்தே எனக்குப் பாடம் எடுத்திருந்தார் பாய். "ரோட்டுல ஒவ்வொரு குலுக்கலுக்கும் எண்ணெயப் போட்டு அடிக்கும். எண்ணெயத் தடுக்குற ரப்பர் சீல் போயிரும், கால் கொஞ்சங் கொஞ்சமா எறங்கிரும். எண்ணெயில தொங்கக்கூடாது, கட்டையில உக்காரணும்."

கட்டை என்று அவர் சொன்னது, அவரே லேத்தில் கடைந்த இரண்டு கறுப்பு நைலான் துண்டுகள். மூங்கில் குழாயை நெடுக்கில் பிளந்த மாதிரி ஒரு பக்கம் திறந்திருக்கும். காலை மேலே தூக்கி, வெளியே நீண்ட தண்டுகளின் மேல் அவற்றை மாட்டி, காலை மெல்ல இறக்கினால் முழு எடையும் கட்டையில் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் எண்ணெய்க்கு வேலை இல்லை. துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை அப்படித்தான் வந்தது. வழியில் மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. அன்றைக்கு ஏகாதசி. காவேரியில் குளித்துவிட்டு வந்து வண்டிக்கும் படகுக்கும் பூஜை போட்டேன். எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் பம்பு வாங்கினாலும் பொட்டு வைக்காமல் எடுக்கமாட்டோம். என் மனைவி கோலம் போட்டு, பூசணிக்காய், தேங்காய், ஆறு சக்கரத்துக்கும் ஆறு எலுமிச்சை, எல்லாம் தயாராக வைத்திருந்தாள். பாய் அப்போது கூட இல்லை. பாலக்கரையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து, பஸ் பிடித்து, நம்பர் ஒன் டோல்கேட்டில் ஏறிக்கொள்வதாகப் பேச்சு.

படகின் மூக்குக்குச் சந்தனம், குங்குமம். இன்ஜின் மூடிக்குப் பொட்டு. விசிறியின் மூன்று இதழுக்கும் பொட்டு. அப்போது என் மனைவி, "என்னங்க, அதைத் தூக்குறதே அந்த ரெண்டு கம்பிதான்னு சொன்னீங்க. அதுக்கு வைக்கலியே?" என்றாள்.

நியாயம்தானே? தண்டுகளைக் கட்டைகள் மூடியிருந்தன. பாய் சொல்லிக்கொடுத்தபடி படகில் ஏறிப் பட்டனை அமுக்கிக் காலை ஒரு விரல்கடை தூக்கினேன். கட்டைகள் தளர்ந்தன. இறங்கி வந்து இரண்டையும் கழற்றினேன். தண்டுகளுக்குப் பட்டும் படாமல் சந்தனம் வைத்தேன். கையில் இருந்த கட்டைகளைப் பார்த்தேன். ஐம்பது கிலோவை வாய் திறக்காமல் சுமந்து வந்தவை இவைதானே, இவற்றுக்கு முதலில் அல்லவா மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. பித்தளைத் தட்டில் தேங்காய் மூடிக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்துக் குங்குமமிட்டு, மூன்று சுற்றுக் கற்பூரம் காட்டினேன்.

மணி ஏழு இருபத்தைந்து. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம். "கிளம்புங்க கிளம்புங்க, வண்டி நகர்ந்துட்டாப் போதும்" என்று அவள் அவசரப்படுத்த, நான் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பூசணிக்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஏழு இருபத்தெட்டுக்கு வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. ரங்கா, உன் பொறுப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கட்டைகள் தட்டோடு பூஜை அறைக்குப் போய்விட்டன.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி டோல்கேட்டில் பாய் நின்றிருந்தார். பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. வண்டி நின்றும் நிற்காமலும் பையோடு ஏறிக்கொண்டார். சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க பாய்" என்றேன். "பொண்ணு பின்னாடி வருதுல்ல" என்று படகைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சமயபுரம் வரை போனோம். அங்கே சர்வீஸ் ரோட்டில் மஞ்சள் துணி உடுத்திய கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. ஓரமாக நிறுத்தினேன். ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாய் இறங்கிப் பின்னால் போனார்.

போனவர் திரும்பவில்லை. இறங்கிப் போனேன். பாய் படகின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் முழங்கால் உயரத்தில் நின்ற விசிறிக்காலின் நுனி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியிருந்தது. வலதுபக்கத் தண்டில் எண்ணெய் கசிந்து சந்தனத்தோடு கலந்து வழிந்தது.

"கட்டை எங்க அண்ணே?"

அப்போதுதான் பித்தளைத் தட்டு நினைவுக்கு வந்தது. "பூஜை ரூம்ல பாய்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டியிருக்கலாம். அப்படித் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "இன்னும் ரெண்டே ரெண்டு ஸ்பீடு பிரேக்கர் வந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அந்தப் பையில் டிக்கெட் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

மனைவிக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. ஏகாதசி, பெருமாளைச் சேவிக்கப் போயிருப்பாள். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். கூட்டத்தில் நின்று சேவித்துத் திரும்ப மத்தியானம் ஆகும். வீட்டுக்கு ஒரே சாவி, அது அவள் இடுப்பில். படகுக்காரரோ இரண்டு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்குக் கடல் தண்ணீர் ஏறி நிற்கும்போதுதான் அந்தத் துறையில் டிரெய்லரைப் பின்னால் விட்டுப் படகை இறக்க முடியும். படகை இழுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டால் ஒன்பதுக்குள் கிளம்பியாக வேண்டும். அப்போது மணி எட்டு பத்து.

பாய் பட்டனை அமுக்கிக் காலை மறுபடி தூக்கினார். நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் நூலாக இறங்கியது.

"கயிறு போட்டு மேல கட்டிட்டா?" என்றேன்.

"எதுல கட்டுவீங்க? ரோட்டுல குதிக்கும் அண்ணே. கயிறு இழுக்கும், விடும், இழுக்கும், விடும். காலு ஊஞ்சலாடும்."

"கீழ டிரெய்லர்ல ஒரு கட்டைய நிறுத்தி முட்டுக் கொடுத்தா?"

"டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடும், படகு வேற ஆட்டம் ஆடும். நடுவுல நிக்கிற முட்டு உலக்கை மாதிரி இடிக்கும். படகு காலப் படகேதான் சுமக்கணும். அந்தத் தண்டு மேல ஏதாவது உக்காரணும். வேற வழியில்ல."

ஹார்டுவேர் கடை பூட்டியிருந்தது. ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள் என்றார் டீக்கடைக்காரர். திறந்தாலும் அங்கே கிடைக்கிற பிளாஸ்டிக் பைப்பு இந்த எடைக்கு அப்பளம் மாதிரி நொறுங்கும் என்றார் பாய். மரக்கடை பத்து மணிக்கு. நான் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். தாயே, தப்பு என்னுடையது, தண்டனையை அவர் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு புருஷன் பெண்டாட்டி போய்க்கொண்டிருந்தார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, உள்ளே குழந்தையைக் கிடத்தி, முன்னால் அவனும் பின்னால் அவளுமாகத் தோளில் வைத்து நடந்தார்கள். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் சமயபுரத்தில் செலுத்துகிற வேண்டுதல். தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்கு என் கண் குழந்தைமேல் போகவில்லை, கரும்புமேல் போனது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் இருபது பொங்கலுக்குக் கரும்பு ஏற்றியிருக்கிறேன். கரும்பைப் படுக்கவைத்து மிதித்தால் ஒடியும். நட்டுக்குத்தலாக நிறுத்தி மேலே மூட்டையை வைத்தால் அசையாது. ஒரு தடவை லாரியின் தரைப்பலகை உடைந்தபோது, அடிக்கரும்புத் துண்டுகளைக் கீழே நிறுத்தித்தான் முட்டுக் கொடுத்து வீடு வந்து சேர்ந்தோம்.

"பாய், கரும்பு!"

"பசிக்குதா அண்ணே?"

"அட, தண்டைச் சுத்தி மூணு கரும்பு. நட்டமா. இறுக்கிக் கட்டிட்டு காலை எறக்கி உக்கார வைங்க."

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டி, காற்றில் தண்டைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துப் பார்த்தார். "ஆறும் ஒரே உசரமா இருக்கணும் அண்ணே. ஒண்ணு உசந்தாலும் அது மட்டுந்தான் சுமக்கும்" என்றார். அவர் அப்படிச் சொன்னபோதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

கரும்புக் கடை அம்மாவிடம் ஓடினோம். வேண்டுதலுக்குக் கட்டிய கரும்பு வேண்டாம், புதுக் கரும்பு வேண்டும், நன்றாக விளைந்த அடிக்கரும்பு வேண்டும் என்று கேட்டேன்.

"தொட்டிலுக்கா? எத்தனை மாசம்? ஆணா, பொண்ணா?" என்றார் அந்த அம்மா.

"படகும்மா."

"பேரு படகா?"

பாய்க்கு அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் படகைக் கைகாட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நான் இங்க முப்பது வருஷமாக் கரும்பு விக்கிறேன். படகுக்கு நேர்ந்துக்கிட்டு வந்தவங்க நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே அரிவாளை எடுத்தார். பாய் ஒரு குச்சியை அளவாக ஒடித்துக் கொடுத்தார். சாணுக்கு மேல் இரண்டு விரல். அந்த அம்மா குச்சியை வைத்து வைத்து வெட்டினார். ஒரே வெட்டு, நுனி கண்ணாடி மாதிரி. ஆறு துண்டையும் பலகைமேல் நிறுத்திப் பாய் உள்ளங்கையை மேலே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் நெல்முனை அளவு உயர்ந்திருந்தது. அதைச் சீவினார். கைவசம் இருக்கட்டும் என்று இன்னும் மூன்று துண்டு வெட்டிக்கொண்டோம்.

பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கிடைத்தது. கரும்புச் சாறு தண்டில் படக்கூடாது, கரும்பின் கணு தண்டைக் கீறவும் கூடாது என்று பாய் முதலில் சந்தனத்தையும் எண்ணெயையும் துடைத்துவிட்டுத் தண்டுக்கு டியூப்பைச் சுற்றினார். அதைச் சுற்றி மூன்று கரும்பு. அதற்கு மேல் டியூப் பட்டையை இழுத்து இழுத்து வரிந்தோம். கடைசியாக ஒரு மஞ்சள் துணி, அந்த அம்மாவே கொடுத்தது. நான் பட்டனை அமுக்க, பாய் கீழே மண்டியிட்டு, "எறக்குங்க... எறக்குங்க... மெதுவா... பிஸ்மில்லா..." என்றார். கரும்பு ஒரு தடவை 'கிறிச்' என்றது. அவ்வளவுதான். கால் உட்கார்ந்தது. பாய் விசிறியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். அசையவில்லை.

அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். "என்னங்க, படகுக்குக் கொழந்தை பொறந்திருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல, இனிமேதான்" என்றார் பாய். எட்டு ஐம்பதுக்கு வண்டி நகர்ந்தது.

"ராகு காலத்துல கெளம்புறோமே அண்ணே, பரவால்லியா?"

"அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோமே பாய்."

"ஆமாமா, நல்ல நேரத்துலதானே மறந்தோம்."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டேன். அவர் குத்துகிறார் என்றால் நெஞ்சு லேசாகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தோம். பிறகு அரைமணிக்கு ஒரு தடவை. வெயில் ஏற ஏற என் கண் ரோட்டில் பாதி, பக்கக் கண்ணாடியில் பாதி. பெரம்பலூர் தாண்டி வெகுதூரம் போன பிறகு, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே மனைவியிடமிருந்து ஃபோன். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, அந்த ரெண்டு கறுப்புக் கட்டையும் தட்டுலயே இருக்கு. அது வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்மா. அங்கேயே இருக்கட்டும்" என்றார் பாய். "தெனமும் ரெண்டு பூவு வைங்க, போதும்."

நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு விஷயம் புரிந்து, "ஐயோ, ரங்கா! நான்தானே கம்பிக்கு வைக்கச் சொன்னேன்" என்று அழ ஆரம்பித்தாள். இரண்டு பேருமாகச் சமாதானம் சொல்லி வைத்தோம்.

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே நிறுத்தியபோது மஞ்சள் துணி முழுக்க எறும்பும் ஈயும். வலப்பக்கம் ஒரு கரும்பின் அடி நசுங்கி நார் நாராகப் பிரிந்திருந்தது, சாறு சொட்டியது. "நம்ம படகுக்குச் சக்கரை வந்துருச்சு அண்ணே" என்றார் பாய். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. காலைத் தூக்கி, வரிந்த டியூப்பை அவிழ்த்து, கைவசம் இருந்த துண்டைப் பொருத்தி, மறுபடி உட்காரவைத்தோம். பாய் என்னிடம் இரண்டு வாழைப்பழம் கொடுத்து, "விரதம் இருந்தா பழம் சாப்பிடலாம்ல? சாப்பிடுங்க. நீங்க மயக்கம் போட்டு விழுந்தா உங்களுக்கு முட்டுக் கொடுக்க என்கிட்ட கரும்பு பத்தாது" என்றார்.

கடைசி மூன்று கிலோமீட்டர் கடற்கரை ரோடு. ரோடு என்று பெயர்தான், அத்தனையும் குழி. பாய் இறங்கிவிட்டார். படகின் பின்னால் கையைக் காலின்மேல் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். "வலது... வலது ஒடிங்க... விடுங்க... நில்லுங்க... இப்ப விடுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். அயர்ன் பண்ணிய சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒன்று ஐம்பதுக்குத் துறையில் நின்றோம்.

படகுக்காரர் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "என்னய்யா இது, பொங்கலுக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். அங்கே வேலை பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் முன்னால் போய், "தப்பு என்னுதுங்க. அவரு கடைஞ்சு குடுத்த கட்டைய நான் வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். அவரு இல்லேன்னா காலு ரோட்டுலயே போயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். பாயும் எதையும் மறைக்கவில்லை. "வலது பக்கம் சீல் கொஞ்சம் கசியுதுங்க. புதுசு கொண்டாந்திருக்கேன். அரைமணி நேரத்துல மாத்திடுறேன்."

அவர் குனிந்து, பாய் துணியை அவிழ்க்கும்வரை காத்திருந்தார். கரும்பை எடுத்து, டியூப்பை உரித்ததும் தண்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேய்த்துப் பார்த்தார். இடம், வலம் இரண்டும். ஒரு கீறல் இல்லை. விசிறி நுனியைத் தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் உரியவில்லை. "இருநூறு கிலோமீட்டர் கரும்புல உக்கார வெச்சுக் கொண்டாந்திருக்கீங்க" என்றார். அப்புறம், "சீலை மாத்துங்க. தண்ணி ஏறிக்கிட்டிருக்கு" என்றார்.

மூன்று மணிக்கு டிரெய்லரைப் பின்னால் விட்டேன். நானும் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நாலு பேரோடு சேர்ந்து தள்ள, படகு மிதந்தது. பாய் மேலே ஏறிப் பட்டனை அமுக்கினார். கால் தடையில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது. நின்றது. மறுபடி திருப்பினார். இருமியது. நான் தண்ணீரில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டேன். பெருமாள், அம்மன், அவர் கும்பிடுகிற ஆண்டவன், எல்லோரையும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை 'தட்'டென்று பிடித்தது பாருங்கள், பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்து என் முகத்தில் அடித்தது. அந்த உப்புத் தண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

பாய் படகை ஆற்றின் நடுவுக்குக் கொண்டுபோனார். வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம். அப்புறம் முகத்துவாரத்தைப் பார்த்து நேராக விட்டார். மூக்கு தூக்கிக்கொண்டு பறந்தது. செத்துப்போனது என்று எல்லோரும் சொன்ன படகு அது. சிரித்த ஆட்கள் கரையில் நின்று விசில் அடித்தார்கள். படகுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து படகு கரை தட்டியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "மிச்ச நாலையும் எப்ப எடுத்துக்கறீங்க?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான், "ஒவ்வொண்ணா அடுத்த வாரத்துலேருந்து இழுத்துட்டுப் போறோங்க" என்று சொன்னேன். யாரைக் கேட்டுச் சொன்னேனோ.

"ஏறுங்க அண்ணே" என்றார் பாய்.

"எனக்கு நீச்சல் தெரியாது பாய்."

"காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல பொறந்து நீச்சல் தெரியாதா? ஏறுங்கங்கறேன்."

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஈர வேட்டியோடு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். படகு கிளம்பியது. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் ஃபோன். பாய் வீட்டுக்குப் பேசினார். "டிக்கெட்டக் கேன்சல் பண்ணச் சொல்லு உங்க அண்ணன... ஆமா... கேன்சல்... கேக்கலியா?" அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும்தான் போயிருக்கும். "என்ன சத்தமா? நம்ம இன்ஜின்தான்! பாப்பாகிட்ட குடு, அவ கேக்கட்டும்" என்று ஃபோனைப் பின்பக்கமாக இன்ஜினை நோக்கி நீட்டிக்கொண்டு, இன்னும் வேகம் கொடுத்தார்.

அலை ஒன்றில் ஏறிப் படகு குதித்தது. நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எங்கள் ஊரில் தேர் நகரும்போது போடுவோமே, அதே குரல் என்னையும் மீறி அந்த ஆற்றின் நடுவில் வெளியே வந்தது.

"ரங்கா! ரங்கா!"

பாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த அலையையும் நேராகவே பிடித்தார்.